முள்ளம்பன்றி பெயருக்கு ஓர் அர்ச்சனை

சகுனம் பார்க்காத வீடு ஒன்றைத் தேடி நான் மலேசியா வரைக்கும் போக வேண்டியிருந்தது. என் மகள் தேன்மொழிக்கு ஒட்டன்சத்திரத்தைச் சுற்றி வந்த வரன்கள் எல்லாம் சகுனத்தில்தான் தட்டிப்போயின. முதல் மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கரண்டு போனது. அடுத்தவர்கள் வந்தபோது பல்லி சொன்னது. என்ன சொன்னது என்று அவர்கள் விளக்கவில்லை, காப்பியை அப்படியே வைத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார்கள். அதற்கும் அடுத்ததில் எல்லாம் கூடி வந்து, உடைத்த தேங்காய் அழுகலாகப் போயிற்று. தேங்காய் விற்றவனை விட்டுவிட்டு என் பெண்ணைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள்.

அவள் சிங்கப்பூரில் நர்ஸ் வேலைக்குப் போய், அங்கே லிஃப்ட் பழுது பார்க்கும் சரவணன் என்கிற பையனைத் தானே பார்த்துக்கொண்டாள். மலேசியாவில், கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். போனில் மரியாதையாகப் பேசினான். "எங்க வீட்டுல ஜாதகம், சகுனம் ஒண்ணும் பாக்க மாட்டாங்க மாமா. நீங்க நேர்ல வந்து அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசுனா போதும்." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கிளம்பினேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எந்த மோட்டார் எப்போது புகையும் என்று முன்கூட்டியே பயப்படுவது என் தொழில். அந்தப் பழக்கம் மற்ற காரியங்களுக்கும் பரவிவிட்டது. என் மனைவிக்கு முழங்கால் வலி, எனக்குப் பயம். இரண்டில் பயத்தோடுதான் விமானம் ஏற முடியும் என்று வீட்டில் முடிவாயிற்று.

சனிக்கிழமை காலை, மலையடிவாரத்தில் இருக்கும் தாப்பாவில், மாப்பிள்ளையின் அப்பா முனுசாமி எனக்காகக் காத்திருந்தார். காய்கறி லோரி ஓட்டுகிறவர். மலைமேல் கோலா தெர்லாவில் கோசு ஏற்றிக் கோலாலம்பூரில் இறக்கிவிட்டுக் காலிக் கூடைகளோடு திரும்பிக்கொண்டிருந்தார்.

"பிளேன்ல வந்தவர லோரில ஏத்துறானேன்னு கோவிச்சுக்காதீங்கண்ணே. காடி ஒர்க்ஷாப்புல கெடக்கு. ஏறுங்கலா, சீட்டு மெத்துனுதான் இருக்கும்."

எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி லாரியின் வாசனையில்தான் நான் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறேன். வாடிய கோசு இலையின் வாசனை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். அதுவே கொஞ்சம் தைரியமாக இருந்தது. முனுசாமி வாய் ஓயாமல் பேசினார். முள்ளங்கி விலை, பையனின் சின்ன வயசுச் சேட்டை, இந்த மலையில் எத்தனை வளைவு என்று எண்ணப் போய் வாந்தி எடுத்த அவருடைய மச்சான். நல்ல மனுஷர், என் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

பாதி மலை ஏறியதும் குளிர ஆரம்பித்தது. பையைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டேன். கொடைக்கானல் ஏரிக்கரையில் திபெத்துக்காரப் பெண்மணி ஒருத்தி விற்கிற பழைய துணிக்குவியலில் கிடைத்தது. சாம்பல் நிறம், நல்ல கனம், நெஞ்சில் பல்லைக் காட்டும் ஓநாய்த் தலை. படத்தை நான் பார்க்கவில்லை, கனத்தைத்தான் பார்த்தேன்.

முனுசாமி திரும்பிப் பார்த்தார். பிரேக்கைப் போட்டார். பின்னால் கட்டியிருந்த கயிறு அறுந்து பிளாஸ்டிக் கூடைகள் ரோட்டில் உருண்டன.

வளைவில் லோரியை நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் கூடை பொறுக்கினோம். பின்னால் வந்த பஸ்காரர் இறங்கி இரண்டு கூடை எடுத்துக் கொடுத்து மலாயில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். "பயணியில பாதிப் பேரு வாந்தி எடுக்கிறான், நீங்க வேற கூடையால வாந்தி எடுக்கிறீங்கன்றான்" என்று முனுசாமி மொழிபெயர்த்தார். ஆனால் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

நான் என்ன தப்பாகச் சொன்னேன்? முள்ளங்கி விலையில் ஏதாவது மறுத்துப் பேசினேனா? ரிங்லெட் அணை ஏரி தெரிகிற இடம் வரைக்கும் என் வார்த்தை ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். கடைசியில் அவரே வாயைத் திறந்தார்.

"அண்ணே, வேற சட்ட இல்லையா?"

"இருக்குங்க. எல்லாம் வெள்ளை. குளிர் தாங்காதுங்களே."

"பரவால்ல. அதக் கழட்டிப் பைக்குள்ள அடியில வச்சிருங்க. சம்சாரம் பாத்தா சுசா. ரொம்பத் தொல்லையாப் போயிரும்."

பழைய துணி போட்டு வந்தால் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது என்று வெட்கப்பட்டுக் கழற்றினேன். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் போய்ச் சேரும்போது என் பற்கள் தந்தி அடித்துக்கொண்டிருந்தன.

மாப்பிள்ளையின் அம்மா லெட்சுமி வாசலுக்கு வந்தார். குள்ளமான, உறுதியான பெண்மணி. முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலை வெட்டியவர், தோளைப் பார்த்தாலே தெரிந்தது. பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தார். நெஞ்சில் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும் முள்ளம்பன்றி. அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரும் பச்சை, முள்ளம்பன்றி. கொடியில் காய்ந்தவையும் பச்சை. ஏதோ சீருடை, தோட்டத்தில் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஐயோ, நடுங்குறாரே மனுசன்! ஏங்க, கொண்டாந்திருக்கிற துணிய எடுத்துக் குடுக்கக் கூடாது?" என்று கணவரைத் திட்டிக்கொண்டே அவர் என் பையைத் தானே திறந்தார். அடிவரைக்கும் கையை விட்டு இழுத்தார். ஓநாய் வெளியே வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஓர் அடி பின்வாங்கினார். ஒரு கோழி கொக்கரித்தது. லெட்சுமி அதைச் செத்த எலியின் வாலைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் பிடித்துத் தூரத்தில் நீட்டினார்.

"இது உங்களுதாண்ணே?"

"ஆமாம்மா. குளிருக்கு…"

"குளிருக்கா" என்றார். அவ்வளவுதான். பிறகு உள்ளே போய்க் கம்பளிப் போர்வை ஒன்றைக் கொண்டு வந்து என் மேல் போர்த்தினார். சாப்பாடு அருமையாகப் போட்டார். கோழிக் குழம்பு, கீரை, நெத்திலிச் சம்பல். ஆனால் கல்யாணப் பேச்சை நான் எடுத்தபோதெல்லாம் "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்குங்க" என்றார். தேயிலைத் தோட்டத்தில் நல்ல தேநீர் கிடைக்கும் என்று நினைத்து வந்தவனுக்குப் பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டிய காப்பிதான் கிடைத்தது. "நாள் பூரா அதுலயே நின்னோம், வீட்டுலயும் அதையே குடிக்கணுமா?" என்றார்.

சாயங்காலம் முனுசாமி என்னைக் கோழிக்கூட்டுப் பக்கம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். அமெரிக்காவில் கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு மோதி விழுகிற ஃபுட்பால் ஒன்று இருக்கிறது. அதில் முள்ளம்பன்றி என்று ஓர் அணி, ஓநாய் என்று ஓர் அணி. இந்த லயம் முழுக்க முள்ளம்பன்றி. ஓநாய் பரம விரோதி. திங்கட்கிழமை காலையில் இரண்டுக்கும் ஆட்டம்.

"அதுக்கும் கல்யாணத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அவ ஜாதகம் பாக்க மாட்டாண்ணே. பல்லி, பூன எதையும் நம்ப மாட்டா. இது ஒண்ணுதான். நல்ல காரியம் பேசுற சமயத்துல ஆட்டம் வந்தா, அதப் பாத்துட்டுத்தான் வாயத் தொறப்பா."

"முள்ளம்பன்றி நல்லா ஆடுமா?"

முனுசாமி கோழிகளைப் பார்த்தார். "இந்த சீசன்ல இன்னும் ஜெயிக்கல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். தேயிலைச் சரிவில் நிரை நிரையாகப் பனி ஏறி வந்தது. வழியெல்லாம் லெட்சுமி எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஓநாய் ஸ்வெட்டர் அறியாமல் செய்த பிழை என்று ராத்திரியே தீர்ப்பாகியிருந்தது போல, கொஞ்சம் இளகியிருந்தார்.

"பின்னால நின்னுக்கிட்டு, நீ அங்க போ, நீ இங்க போன்னு வெரல நீட்டுறான் பாருங்க, அவன்தான் கங்காணி. மேல அழுக்குப் படாது. முன்னால குண்டுகுண்டா நிக்கிறவனுங்கதான் கூலிக்காரனுங்க, அடி பூரா அவனுங்களுக்கு. வெளிய தொப்பி போட்டுக்கிட்டு முறைக்கிறவரு துரை. கோடு போட்ட சட்ட, விசிலு வச்சிருக்கிறவன் கிராணி."

தோட்டத்தில் கிராணி என்றால் கணக்குப்பிள்ளை. கூடையை நிறுத்துப் பார்த்து, தண்ணீர் இலை என்று இரண்டு கிலோ கழிக்கிறவர். சட்டையைச் சொல்லி லெட்சுமி விளக்கியபோதே அவருக்குக் கோடு போட்ட சட்டைக்காரர்கள் மேல் இருந்த அபிப்பிராயம் எனக்குப் புரிந்துவிட்டது.

"நாலு தடவையில பத்து கெஜம் நகரணும். நகரலேன்னா பந்த எதிராளிகிட்ட குடுத்துடணும். பந்தோட கடைசிக் கோட்டத் தாண்டுனா பாயிண்டு. அவ்வளவுதாண்ணே, தேயில நெரை முடிக்கிற மாதிரிதான்."

"நம்ம ஆளுங்க நகருவாங்களா?"

"பின்னால நகருவானுங்க" என்று முனுசாமி குறுக்கே சொல்லி ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டார்.

சன்னதியில் பூசாரி தட்டை நீட்டி, யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார். என் மகள் பெயரைச் சொல்லப் போகிறார்கள் என்று நான் கைகூப்பி நின்றேன். லெட்சுமி கண்ணை மூடிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரன் பெயரைச் சொன்னார். பரணி நட்சத்திரம், மேஷ ராசி. முள்ளம்பன்றியின் கங்காணி. பிறந்த தேதியை வைத்து நட்சத்திரம் குறித்து வைத்திருக்கிறார்கள். பூசாரி கொஞ்சமும் தயங்காமல், அந்தப் பெயரை அர்ச்சனையில் நன்றாக உருட்டிச் சொன்னார். பழக்கம் இருக்கும்போல. அடுத்து முனுசாமி, "முழங்கால் அடிபட்டுக் கெடக்கிறானே, அவன் பேருக்கும் ஒண்ணு" என்றார். ஜாதகம் பார்க்காத வீடு என்று சரவணன் சொன்னது பொய்யில்லை. சொந்த மகனுக்குப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான் மனசுக்குள் என் மனைவியின் முழங்காலையும் சேர்த்துக்கொண்டேன்.

மதியம் எனக்கு வேறு ஸ்வெட்டர் வாங்க ரிங்லெட் போனோம். வழியில் ஒரு கடையில் ஸ்கோன் என்ற ரொட்டியும் ஸ்ட்ராபெர்ரி ஜாமும் வாங்கிக் கொடுத்தார் முனுசாமி. நம்மூர் வர்க்கியை அவசரத்தில் சுட்டால் அப்படித்தான் இருக்கும். வெளிநாட்டில் பயன்படுத்திய துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் கடைகள் அங்கே உண்டு. பண்டல் கடை என்கிறார்கள். குளிருக்குத் தோட்டத்து ஜனங்கள் அங்கேதான் வாங்குவார்களாம். கடைக்காரச் சீனத்துப் பெண்மணி முனுசாமியைக் கண்டதுமே சிரித்தார். மலாயில் அவர் சொன்னதை முனுசாமி எனக்குச் சொன்னார்.

"ஒரு மூட்ட பூரா பச்ச, பூரா முள்ளம்பன்றி. யாரு வாங்குவான்னு ஒண்ணு வாங்குனா ஒண்ணு சும்மான்னேன். இந்த ஆளு லோரி கொண்டாந்து அள்ளிட்டுப் போனான். இப்ப மூட்டய அவுக்கும்போதெல்லாம் இவன் சம்சாரம் வந்து ஓநாய் இருக்கான்னு பாக்குது. இருந்தா, எரிச்சுடுன்னு சொல்லுது."

அப்படித்தான் லயம் முள்ளம்பன்றி ஆனது. முதலில் சட்டை வந்தது. நெஞ்சில் இருப்பது யார் என்று பிள்ளைகள் தேடிப் பார்த்தார்கள். பிறகு விசுவாசம் வந்தது. ஸ்வெட்டரில் ஆங்கிலத்தில் சாம்பியன் என்று எழுதியிருப்பதாக முனுசாமி காட்டினார். இறுதி ஆட்டத்துக்கு முன்பே இரண்டு அணிக்கும் சட்டை அச்சடித்து வைப்பார்களாம். முள்ளம்பன்றி தோற்றுவிட்டது. தோற்றவனைச் சாம்பியன் என்று சொல்லும் சட்டையை அந்த ஊரில் விற்க முடியாது. கப்பலேற்றிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இதை லெட்சுமியிடம் கேட்டேன். கோபப்படுவார் என்று பயந்துகொண்டேதான் கேட்டேன்.

"தெரியும்ணே. தோத்தவன் சட்டதான் நம்மகிட்ட வரும். ஜெயிச்சவன் சட்ட எதுக்கு இந்த மலைக்கு வருது?" என்றார். அதில் வருத்தமே இல்லை. விலை மலிவாக ஒரு சொந்தம் கிடைத்த திருப்திதான் இருந்தது.

எங்கள் ஊரில் ஆளைப் பார்த்ததும் ஜாதியை எப்படித் தெரிந்துகொள்வது என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இந்த லயத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. சட்டையை மட்டும்தான் பார்த்தார்கள். முன்னேற்றம்தான் என்று நினைத்துக்கொண்டு, புதிதாக வாங்கிய, படமே இல்லாத கறுப்பு ஸ்வெட்டரோடு தூங்கப் போனேன். தூக்கம் வரவில்லை. என் பெண்ணின் கல்யாணத்தை, நான் பார்த்திராத ஊரில், பார்த்திராத பதினோரு தடியன்கள் கையில் கொடுத்துவிட்டு எப்படித் தூங்குவது?

அமெரிக்காவில் ஞாயிறு ராத்திரி என்றால் இங்கே திங்கட்கிழமை காலை. லயத்தில் பாதிப் பேருக்கு அன்றைக்குக் காய்ச்சல். எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டோடு, ஆரோக்கியமாகப் பச்சை ஸ்வெட்டரில் வந்து லெட்சுமி வீட்டு டீவி முன்னால் உட்கார்ந்தார்கள். "மேனேஜர் கேக்க மாட்டாரா?" என்றேன். "அவருக்கும் திங்கக்கெழம காய்ச்சல்தான்" என்றார் முனுசாமி.

யாரும் இஷ்டத்துக்கு உட்காரவில்லை. எப்போதோ முள்ளம்பன்றி நன்றாக ஆடிய ஒரு நாளில் யார் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்களோ, அதையே செய்ய வேண்டுமாம். முனுசாமி கதவோரம் நின்றார், உட்காரக் கூடாது. ரஃபிக் என்கிற வங்கதேசத்துத் தொழிலாளி மூலையில் வெங்காயம் உரித்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு இருந்தார். லெட்சுமி வேலையை விட்டு வருஷக்கணக்காகியும் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, தேயிலை வெட்டும் கத்திரியை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் இடமில்லை. புது ஆள். எங்கே வைத்தால் ராசி என்று யாருக்கும் தெரியாது.

முதலில் பெஞ்சில் வைத்தார்கள். ஓநாய் ஓடிப்போய்க் கோட்டைத் தாண்டியது. ஜன்னலோரம் மாற்றினார்கள். மறுபடியும் ஓநாய். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "சுவத்தப் பாத்து ஒக்காருங்கண்ணே" என்றார் ஒற்றைச் செருப்புக்காரர். சுவரைப் பார்த்தேன். முள்ளம்பன்றியின் கங்காணி பந்தை எதிராளி கையில் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தான் என்று முதுகுக்குப் பின்னால் கேட்ட வசவில் இருந்து தெரிந்தது.

பயத்தில் எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. கக்கூஸ் வெளியே, கோழிக்கூட்டைத் தாண்டி இருந்தது. போய்த் தாழ்ப்பாள் போட்டேனோ இல்லையோ, வீடு அதிர்ந்தது. முள்ளம்பன்றி கோடு தாண்டிவிட்டது. சந்தோஷமாகக் கையைக் கழுவிக்கொண்டு திரும்பினேன். வாசலில் முனுசாமி இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"உள்ள வராதீங்க!"

"நான்தாங்க…"

"நீங்கதாங்கறதாலதான் சொல்றேன். அங்கேயே நில்லுங்கண்ணே, கும்புடுறேன்."

அப்படித்தான் பெண்ணைக் கொடுக்க வந்த நான் கோழிக்கூட்டருகே நிறுத்தப்பட்டேன். ஸ்டூல் கொடுத்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்ததும் ஓநாய்க்கு ஒரு வாய்ப்பு வந்ததால் அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். தூறல் போட்டது. ரஃபிக் ஒரு குடையை நீட்டினான். லெட்சுமி உள்ளிருந்து யோசித்து, "கொட ஓக்கே" என்று அனுமதி கொடுத்தார்.

அப்போது தேன்மொழி ஆஸ்பத்திரி இடைவேளையில் போன் செய்தாள்.

"என்னப்பா, பேசிட்டீங்களா?"

"இல்லம்மா. வெளிய நிக்கிறேன்."

"ஏன், மழை சத்தம் கேக்குது? வெளிய அனுப்பிட்டாங்களா?"

"அனுப்பலம்மா. நான் உள்ள போனா தோத்துருவாங்களாம். ஜெயிச்சாத்தான் உன் கல்யாணப் பேச்சு."

"சரவணன் இதச் சொல்லவே இல்லப்பா" என்றாள், குரல் இறங்கிப்போய். "இங்கயுமா?" என்றாள். அந்த ஒரு வார்த்தை என்னை அறுத்துவிட்டது. "நான் நிக்கிறேன் சாமி, எவ்வளவு நேரமானாலும் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

நின்றேன். உள்ளே கேட்கும் சத்தத்தை வைத்தே ஆட்டத்தைப் புரிந்துகொண்டேன். காயில் எரியப் போகிறதா என்று காதை வைத்துக் கேட்கிற தொழில் என்னுடையது, அது உதவியது. முணுமுணுப்பு என்றால் இழுபறி. பல்லைக் கடிக்கிற அமைதி என்றால் ஓநாய். லெட்சுமி கத்திரியைக் கிளிக் கிளிக் என்று மூடித் திறந்தால் நம்மாட்கள் நகருகிறார்கள். நம்மாட்கள். எப்போதிருந்து நம்மாட்கள் என்று எனக்கே தெரியவில்லை. வித்தியாசம் குறைந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை கோடு தாண்டினால் வெற்றி, ஆனால் நேரம் இல்லை, கடைசி ஓட்டம் என்று ரஃபிக் ஜன்னல் வழியாக விரலைக் காட்டினான். நான் கோழிக்கூட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெயர் வாயில் நுழையாத அந்தப் பரணி நட்சத்திரக்காரனை வேண்டினேன்.

வீடு வெடித்தது. கதவு திறந்து ஆட்கள் கொட்டினார்கள். முனுசாமி ஓடி வந்து என்னைத் தூக்கிவிட்டார். "தாண்டிட்டான்ணே! தாண்டிட்டான்!" ஒற்றைச் செருப்புக்காரர் செருப்பை வானத்தில் எறிந்தார். நான் அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதேன்.

அப்போது உள்ளேயிருந்து லெட்சுமியின் குரல். அது வார்த்தையே இல்லை, ஓர் ஓலம்.

ஓடினோம். என்னை யாரும் தடுக்கவில்லை. டீவியில் மைதானத்தில் ஒரு மஞ்சள் துணி கிடந்தது. கோடு போட்ட சட்டைக்காரன் ஒருவன் எறிந்திருக்கிறான். முள்ளம்பன்றி ஆள் ஒருவன் ஓநாயைப் பிடித்து இழுத்தானாம், அதனால் தாண்டியது செல்லாதாம். திரும்ப ஆடியதில் பந்து கீழே விழுந்தது. ஓநாய்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

பிறகு நடந்ததை மெதுவாக மறுபடியும் காட்டினார்கள். நான் பார்த்தேன். மெல்லிய கம்பிச் சுற்று எங்கே பிசகியது என்று பார்க்கிற கண். அந்த ஓநாய்த் தடியன் தானாகக் கால் தடுக்கி விழுந்தான்.

"பொய்!" என்று கத்தினேன். "அவனே விழுந்தான்! யாரும் புடிக்கல! கை மேலயே படலயே! கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு?" கோடு போட்ட சட்டையைப் பார்த்து நான் சொன்ன மற்ற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அதையெல்லாம் வீட்டில் என் மனைவி முன்னால் கூடச் சொன்னதில்லை.

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்ற நினைப்பு வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லெட்சுமியின் கண் சிவந்திருந்தது. சொல்ல வேண்டியதை யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"தோத்துப் போச்சுங்களே தங்கச்சி. அப்ப நான் கெளம்பட்டுங்களா?"

"எங்க?"

"சகுனம்…"

"என்னா சகுனம்?" லெட்சுமி கத்திரியைத் தரையில் வைத்தார். "யாரு தோத்தது? நீங்களே பாத்தீங்கள்ல? கிராணி பண்ண திருட்டுக்குப் பேரு சகுனமா?"

"ஆனா ஜெயிச்சாத்தான்னு…"

"ஜெயிச்சா சகுனம். தோத்தா கிராணி. தோத்ததெல்லாம் கணக்குல எடுத்தா இந்த லயத்துல ஒரு கல்யாணம் நடந்திருக்குமாலா? ஏங்க, நீங்க சொல்லுங்க."

"மூத்தவ கல்யாணத்துக்கு முப்பது பாயிண்டுல தோத்தானுங்க" என்றார் முனுசாமி. "ரெண்டு பேரப்புள்ள இருக்கு."

அதுவரைக்கும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் லெட்சுமி. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஒக்காருங்க சம்பந்தி. ஈரத்துல நின்னுட்டீங்க" என்றார்.

உட்கார்ந்தேன், பெஞ்சில், நடுவில். தோற்றதைத் தோற்றது என்றே ஒப்புக்கொள்ளாத குடும்பத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அறிவாளிகள் யாராவது பார்த்தால் மூடத்தனம் என்பார்கள். நான் எட்டாவதுதான். எனக்குத் தோன்றியது வேறு. இந்த வீட்டில் என் பெண் வடிக்கிற சோறு குழைந்தால் அடுப்பைத்தான் திட்டுவார்கள்.

வெற்றிலைத் தட்டு வந்தது. முனுசாமி காலண்டரை இறக்கினார். முகூர்த்தம் பார்ப்பார் என்று நினைத்தேன். மாசியில் வேண்டாம், இறுதி ஆட்டம் முடிந்த துக்கம் இருக்கும் என்றார் லெட்சுமி. சித்திரையிலும் வேண்டாம், அமெரிக்காவில் அப்போதுதான் புது ஆட்களை எடுப்பார்கள், மனசு அங்கே இருக்கும். வைகாசியில் எந்த ஆட்டமும் கிடையாது. வைகாசி என்று முடிவாயிற்று. டீவியில் இன்னும் அந்த மஞ்சள் துணியைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டை மாற்றும்போதும் நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்து தேன்மொழிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வைகாசியில வச்சுக்கலாம்னுட்டாங்கம்மா."

அவள் மூச்சு விடுவது கேட்டது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "அப்ப ஜெயிச்சிருச்சாப்பா, அந்த டீமு?"

"ஜெயிச்சிருக்கும்மா" என்றேன். சாந்தமாகத்தான் ஆரம்பித்தேன். "கோட்டத் தாண்டிட்டான், எல்லாரும் பாத்தோம். அந்தக் கிராணிதான் திருட்டுப் பய. புடிக்கவே இல்லம்மா, அவனாத்தான் விழுந்தான். கண்ணு முன்னாடி நடக்குது, மஞ்சத் துணிய எறியறான்! இவனையெல்லாம் எவன் வேலைக்கு வச்சான்?"

"சரிப்பா, சரிப்பா, மெதுவா. யாருப்பா அது கிராணி?"

நான் பதில் சொல்வதற்குள் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "நல்லா ஒறைக்கச் சொல்லுங்க சம்பந்தி! மருமகளுக்கும் தெரியட்டும்!"

சொன்னேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.